வல்லூறுக் குலத்துக் கிளி

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு பயிலும் மாணவன் எழுதியது)

நம் கல்லூரி மாணவரில் பலர் கும்மிடிப்பூண்டியில் வண்டி ஏறிக் கவரப்பேட்டை கடந்து பொன்னேரியில் இறங்குகிறவர்கள். அவர்களுக்குச் சிப்காட் தொழிற்பேட்டையைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. என் தந்தையார் அங்கே இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் வேலை செய்கிறார். சென்ற கோடை விடுமுறையில் நானும் அதே ஆலையில் எடைமேடையருகே அமர்ந்து, வந்து போகும் லாரிகளின் எடையைக் குறித்து வைக்கும் வேலைக்குப் போனேன். உலைக்கருகே நின்று வேகிறவர்களில் பெரும்பாலோர் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். மாலையில் முறை மாறும் வேளையில் தகரக் கொட்டகைக்கு வெளியே திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்துவார்கள்.

அவர்களில் ஓர் அண்ணன், வயது நாற்பதுக்கு மேலிருக்கும், ஒருநாள் தணிந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார். பொருள் விளங்காவிட்டாலும் அந்தப் பாட்டின் இழுவை என்னைப் பிடித்து நிறுத்தியது. ஆறாண்டுகளாக இங்கே இருப்பதால் அவர் தமிழ் பேசுவார். கேட்டபோது விளக்கினார். தொலைவூருக்கு மணமுடித்து அனுப்பப்படும் மகள், தன்னைப் பெற்றவரிடம் முறையிடும் பாட்டு அது. அவர்கள் ஊரில் மணப்பெண்ணை வழியனுப்பும்போது பெண்கள் பாடுவார்களாம். மீசை நரைத்த ஆண்மகன் ஒருவர் மணப்பெண்ணின் பாட்டைப் பாடுவானேன் என்று நான் சிரித்தேன். ஊரைவிட்டு வெகுதூரம் அனுப்பப்பட்டவர் யாராயிருந்தாலும் அது அவர் பாட்டுத்தான் என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் குவளையைக் கழுவப் போய்விட்டார். பாடியவர் யார் என்று மறுநாள் கேட்டேன். அமீர் குஸ்ரு என்றார்.

எனக்கு அந்தப் பெயர் ஒரு பொது அறிவு வினாவுக்கு விடையாக மட்டுமே தெரியும். சித்தாரைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் அமீர் குஸ்ரு என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். (அந்த விடை தவறு என்பதைப் பின்னர் அறிந்தேன். மதிப்பெண்ணைத் திருப்பித் தர வழியில்லை.) கல்லூரி திறந்ததும் நூலகத்தில் அவரைப் பற்றி எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க வியப்பு வந்தது. நடுவில் ஓரிடத்தில் கோபமும் வந்தது. அந்தக் கோபத்தை மறைக்காமல் அவர் வரலாற்றைச் சொல்ல முயல்கிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மங்கோலியப் புல்வெளியிலிருந்து புறப்பட்ட செங்கிஸ்கானின் படை 1220-ஆம் ஆண்டில் புகாராவையும் சாமர்கண்டையும் சூறையாடியது. அந்தப் பெரும்புயலுக்கு முன்னே உயிர் தப்பி ஓடிய துருக்கியக் குடும்பங்கள் பல இந்தியாவை நோக்கி வந்தன. தில்லியில் அப்போது ஆண்டவர் இல்துத்மிஷ், அவரும் துருக்கியர். வந்தவர்களுக்கு அவர் இடம் கொடுத்தார். அவ்வாறு வந்தவர்களில் ஒருவர் சைபுத்தீன் மஹ்மூத் என்னும் வீரர். லாச்சீன் என்னும் துருக்கியக் குலத்தைச் சேர்ந்தவர். லாச்சீன் என்றால் துருக்கி மொழியில் வல்லூறு என்று பொருள். அவருடைய மகனாக 1253-ஆம் ஆண்டில், இன்று உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் உள்ள பட்டியாலி என்னும் ஊரில் குஸ்ரு பிறந்தார். வல்லூறுக் குலத்தில் பிறந்த இப்பிள்ளை வளர்ந்து தன்னை இந்தியாவின் கிளி என்று அழைத்துக்கொண்டது. அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

மத்திய ஆசியத்துத் துருக்கியருக்கும் மங்கோலியருக்கும் இசை என்பது வீட்டுச் சாமான் போன்றது. நாடோடிகளுக்குப் பெரிய கோயிலும் மணிமண்டபமும் இல்லை. குதிரைமேல் ஏற்றிச் செல்லக் கூடிய கருவிதான் அவர்களுடைய செல்வம். கசாக்கியரிடம் இரண்டு நரம்புகளுடைய தோம்ப்ரா இருக்கிறது. கிர்கிஸ் மக்களிடம் மூன்று நரம்புகளுடைய கோமுஸ். மங்கோலியர் தம் இரு நரம்பு யாழின் தலையில் குதிரைத் தலையைச் செதுக்கி, நரம்புகளையும் வில்லையும் குதிரை மயிராலேயே கட்டுவார்கள். அதன் பெயர் மோரின் ஹூர். 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அது இடம்பெற்றது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது கசாக்கியரும் கிர்கிஸியரும் தாம் யாரென்று உலகுக்குக் காட்ட எடுத்துக்கொண்டவற்றுள் இந்த நரம்புக் கருவிகளும் இருந்தன. அந்த மக்களின் வழியில் வந்த ஒரு பிள்ளை இந்திய மண்ணில் பிறந்தபோது அவன் காதில் எந்த இசை விழுந்தது என்பதே குஸ்ருவின் கதை.

குஸ்ருவுக்கு ஏறக்குறைய எட்டு வயதாகும்போது தந்தை போரில் மாண்டார். தாய் அவரைத் தம் பிறந்தகத்தில் வளர்த்தார். தாயின் தந்தை இமாதுல் முல்க் தில்லி அரசில் படைத்துறையில் உயர்பதவி வகித்தவர், இந்திய வழியினர். அந்த வீட்டில் பாட்டும் கவியும் வந்து போவோரும் ஓயாது இருந்தனர். தந்தை வழியில் துருக்கி மொழி, கல்வி வழியில் பாரசீகம், தாய் வீட்டில் இந்தவி. அக்காலத்தில் தில்லிப் பகுதி மக்கள் பேசிய மொழியை இந்தவி என்பார்கள். பிற்காலத்தில் குஸ்ரு தம்மை இந்துஸ்தானத்துத் துருக்கியன் என்றே அறிமுகம் செய்துகொண்டார். அரபு மொழியில் பேசச் சொன்னால் தம்மிடம் எகிப்துச் சர்க்கரை இல்லை என்றும், இந்தவியில் கேட்டால் விடை தருவதாகவும் 1294-இல் தொகுத்த கவிதைத் தொகுதியின் முன்னுரையில் குறித்தார். தாய்மொழி எது என்ற வினாவுக்கு ஆளுக்கொரு விடை சொல்லும் காலத்தில் நாம் இருக்கிறோம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இரண்டு பெயரையும் சேர்த்தே சொன்னார். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை.

இளமையிலேயே கவி பாடத் தொடங்கிய அவர், வள்ளல்களைத் தேடிச் சென்ற சங்கப் புலவர்களைப் போலவே ஒருவர் விட்டு ஒருவராகப் பல புரவலர்களை அடைந்தார். பால்பனின் உறவினர் மாலிக் சஜ்ஜு, பால்பனின் மகன் புக்ராகான் என்று இந்த வரிசை நீள்கிறது. அதில் நின்று பார்க்க வேண்டிய இடம் முல்தான். பால்பனின் மூத்த மகன் இளவரசர் முகம்மது அங்கே எல்லைக்காவலராக இருந்தார். கலையுள்ளம் படைத்தவர். பாரசீகத்துப் பெருங்கவிஞர் சஅதியையே தம் அவைக்கு அழைத்தார். முதுமை காரணமாக அவர் வரவில்லை. குஸ்ரு அங்கே ஐந்தாண்டுகள் இருந்தார். 1285-இல் மங்கோலியர் மீண்டும் வந்தனர். இளவரசர் போரில் வீழ்ந்தார். தந்தையை நாடு கடத்திய அதே மங்கோலியரின் கையில் மகன் சிறைப்பட்டார்.

சிறைப்பட்ட கதையை அவரே எழுதியிருக்கிறார். மங்கோலியக் குதிரைவீரன் ஒருவன் அவரைக் கால்நடையாக வெயிலில் ஓட்டிச் சென்றான். தாகத்தால் நா வறண்ட நிலையில் ஓர் ஓடைக்கு வந்தனர். வீரனும் குதிரையும் ஆவல் தாங்காமல் வயிறு முட்டக் குடித்து அங்கேயே விழுந்து மாண்டனர். குஸ்ரு உதட்டையும் உடம்பையும் நனைத்துக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டதால் பிழைத்து ஓடினார். இறந்த இளவரசருக்காக அவர் பாடிய இரங்கற்பாவைத் தில்லியில் மக்கள் தத்தம் வீட்டில் மாண்டவர்களை நினைத்துப் பாடி அழுதார்களாம். மங்கோலியரைப் பற்றி அவர் எழுதியவற்றில் வெறுப்பைத் தவிர வேறில்லை. அவர்களுடைய முகத்தையும் உடையையும் நாற்றத்தையும்கூட இகழ்ந்திருக்கிறார். புல்வெளியின் இரு பிள்ளைகளான துருக்கியரும் மங்கோலியரும் நமக்குத் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோல் தெரியலாம். அவருக்கு அப்படித் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அயோத்திப் பகுதியில் ஒரு பிரபுவிடம் நல்ல வேலையில் இருந்தபோது, தில்லியில் தனித்திருந்த தாயின் ஏக்கம் கேட்டு அந்த வேலையை விட்டுத் திரும்பினார். 1298-இல் அந்தத் தாயும் தம்பியும் ஒரே ஆண்டில் இறந்தனர். லைலா-மஜ்னூன் காதல் காவியத்தை எழுதிக்கொண்டிருந்தவர் அதன் நடுவே அவ்விருவருக்காகவும் அழுதிருக்கிறார். தாயைப் பற்றிய அந்தப் பகுதியே அவர் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது.

அரசர்கள் மாறினார்கள், கவிஞர் மாறவில்லை. கைகுபாத், ஜலாலுத்தீன் கில்ஜி, அலாவுத்தீன் கில்ஜி, முபாரக் ஷா, கியாசுத்தீன் துக்ளக் என்று அத்தனை பேர் அவையிலும் அவர் இருந்தார். மாமனைக் கொன்று அரியணை ஏறினார் அலாவுத்தீன். நேற்றுவரை மாமனைப் பாடியவர் இன்று மருமகனைப் பாடினார். இதைக் குறையென்று சொல்வதா, அரண்மனைக் கவிஞனின் பிழைப்பு என்று விடுவதா? எனக்கு இது உறுத்துகிறது. புரவலனைக் கடிந்து பாடவும் தயங்காத புலவர்களை நம் புறநானூற்றில் படித்தவர்களுக்கு உறுத்தத்தான் செய்யும்.

இனி இசைக்கு வருவோம். குஸ்ரு இசையில் வல்லவர் என்பதற்கு அவர் நூல்களே சான்று. ஒரு பாடகனுக்கும் தமக்கும் நடந்த வாதமாக ஒரு கவிதை எழுதியிருக்கிறார். இசை பெரிதா, கவிதை பெரிதா என்பது வாதம். தம் கவிதைகள் மூன்று தொகுதிகளாக எழுதப்பட்டுவிட்டன என்றும், தம் இசையை எழுத்தில் வடிக்க முடியுமானால் அதுவும் மூன்று தொகுதிகள் வரும் என்றும் அதில் பெருமை கொள்கிறார். ஆயினும் தீர்ப்பு என்னவோ கவிதைக்கே. எழுத்தில் வடிக்க முடியாத அந்த மூன்று தொகுதிகள்தாம் போயே போய்விட்டன. அந்த வெற்றிடத்தை மக்கள் கதைகளால் நிரப்பினார்கள். சித்தார் அவர் செய்தது, தபலா அவர் செய்தது, கயால் பாட்டும் தரானாவும் அவர் படைத்தவை, கவ்வாலி அவர் தொடங்கியது என்று எல்லாம் அவர் கணக்கில் ஏறின. சித்தாரும் தபலாவும் அவர் காலத்தில் இல்லை. அவை இன்றைய உருவம் பெற்றது 18-ஆம் நூற்றாண்டில். தில்லியில் அந்நூற்றாண்டில் வாழ்ந்த குஸ்ருகான் என்ற இன்னோர் இசைவாணரின் பெயர்தான் பழைய குஸ்ருவோடு கலந்துவிட்டது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். நமக்கு இதில் வியப்பில்லை. எந்த மருத்துவ ஏடு கிடைத்தாலும் அகத்தியர் பெயரை எழுதியவர்கள்தாமே நாம்? எந்தத் தனிப்பாடலுக்கும் ஔவையாரைச் சொல்லிவிடவில்லையா? பெரும்பெயர் ஒரு களஞ்சியம். பின்னால் வருகிறவர்கள் தம் நெல்லையும் அதில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். கொட்டகையில் நான் கேட்ட மணப்பெண் பாட்டும் அப்படி வந்ததாக இருக்கலாம். அவர் இந்தவியில் பாடி நண்பர்களுக்குக் கொடுத்ததாக அவரே சொல்கிறார். ஆனால் இன்று பாடப்படுகிறவை பெரும்பாலும் வாய்வழி வந்தவை, மொழியும் பிற்காலத்தது.

இந்தக் கதைகளில் ஒன்று தென்னாட்டைத் தொடுவதால் அதைச் சொல்லாமல் விட மனமில்லை. கோபால நாயக்கர் என்னும் தென்னாட்டு இசைவாணர் அலாவுத்தீன் அவைக்கு வந்து நாள்தோறும் பாடினாராம். குஸ்ரு அரியணையின் கீழே ஒளிந்திருந்து அவற்றையெல்லாம் கேட்டு, பிறகு வெளிவந்து அதே பண்களைத் தாமும் பாடிக்காட்டினாராம். இக்கதை பகீருல்லா என்பவர் 17-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் எழுதிய இசைநூலில் வருகிறது. அதாவது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கு மூன்றரை நூற்றாண்டுகள் கழித்து. ஒளிந்திருந்த செய்தியை நம்பத் தேவையில்லை. ஆனால் கோபால நாயக்கர் கற்பனை மனிதர் அல்லர். தஞ்சை நாயக்கர் அவையில் இருந்த வேங்கடமகி தம் சதுர்தண்டிப் பிரகாசிகையில் அவரை மதிப்போடு குறிப்பிடுகிறார். தெற்கிலும் வடக்கிலும் ஒரே இசைவாணரின் பெயர் நின்றிருக்கிறது என்றால், பண்கள் படைகளைப் போலவே எல்லைகளைக் கடந்து நடந்தன என்று கொள்ளலாம்.

கருவிகளும் நடந்தன. அரண்மனை வாயிலில் முழங்கிய நக்காரா என்னும் முரசு துருக்கிய சுல்தான்களின் ஆட்சிச் சின்னம். அதுவே தமிழ்நாட்டில் நகரா என்ற பெயரோடு நாகூர் தர்காவிலும் ஒலிக்கிறது. சிவன் கோயில், பெருமாள் கோயில் வாயில்களிலும் ஒலிக்கிறது. பூசை வேளையில் அதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நம் பாட்டிமார்கள் அது எந்தப் பாலைவனம் தாண்டி வந்ததென்று கேட்டதில்லை.

நான் கோபம் கொண்ட இடத்திற்கு வந்துவிட்டேன்.

1310-இல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் இறந்தபின் அவன் மக்கள் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் அரியணைக்காக மோதிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அலாவுத்தீனின் படைத்தலைவன் மாலிக்காபூர் துவாரசமுத்திரத்தை அடக்கிவிட்டு, 1311-இல் தமிழகத்துக்குள் நுழைந்தான். நம் நாட்டை அப்போது அரபியரும் பாரசீகரும் மஅபர் என்று அழைத்தார்கள். வீரபாண்டியன் பிடிகொடுக்கவில்லை. மழையும் வெள்ளமும் படையைத் தடுத்தன. ஆனால் கோயில்கள் தப்பவில்லை. சிதம்பரம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதும் பொற்கோயில் நகரம் சூறையாடப்பட்டது. மதுரையும் சூறையாடப்பட்டது. யானைகள் 512, குதிரைகள் 5,000 என்று கொள்ளைப் பொருளுக்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கு எழுதியவர் யார்? அமீர் குஸ்ரு. வெற்றிகளின் கருவூலம் என்று பொருள்படும் கசாயினுல் புதூஹ் என்ற உரைநடை நூலில் இப்படையெடுப்பை அவர் அணி அலங்காரத்தோடு வருணிக்கிறார். கோயில் இடிந்ததைச் சொல்லும்போதும், பிணங்கள் குவிந்ததைச் சொல்லும்போதும் சிலேடையும் உவமையும் குறையவில்லை. வீரபாண்டியன் பக்கம் நின்ற முஸ்லிம்களும் அதில் வருகிறார்கள். கலிமா சொல்லத் தெரிந்ததால் உயிர் பிழைத்தார்கள் என்று ஏளனம் கலந்து எழுதுகிறார்.

இதைப் படித்த மாலை நான் புத்தகத்தை மூடிவிட்டேன். நடராசர் சன்னிதியில் தேவாரம் கேட்டு வளர்ந்தவள் என் தாய். அந்தச் சன்னிதிக்கு நேர்ந்ததை அழகாக எழுதியவரைப் பற்றி நான் மலரில் எழுதுவதா? இரண்டு வாரம் இக்கட்டுரையைத் தொடவில்லை. எங்கள் வரலாற்றுத் துறை விரிவுரையாளரிடம் சென்று வேறு தலைப்பு கேட்டேன். அவர் வேறு தலைப்பு தரவில்லை. ஏழாண்டுகள் கழித்து அதே மனிதர் எழுதிய இன்னொரு நூலின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இதையும் படித்துவிட்டு வெறுப்பதானால் முழுதாக வெறுக்கலாம் என்றார்.

அந்த நூல் 1318-இல் முபாரக் ஷாவுக்காக எழுதிய நூஹ் சிபிஹ்ர். ஒன்பது வானங்கள் என்று பொருள். அதன் மூன்றாவது வானம் முழுதும் இந்தியாவைப் பற்றியது. அறுபத்தைந்து வயதில், தாம் பிறந்த நாடு என்பதற்காகவே இதை நேசிப்பதாகச் சொல்லி, பத்துக் காரணங்களை அடுக்குகிறார். எண்களும் சுழியும் இங்கிருந்து சென்றதைச் சொல்கிறார். பஞ்சதந்திரக் கதைகள் உலகுக்குப் போனதைச் சொல்கிறார். சதுரங்கம் இங்கே பிறந்ததைச் சொல்கிறார். பிறகு இசை. இந்நாட்டு இசை உள்ளத்தையும் உயிரையும் சுடும் நெருப்பு, வேறெந்த நாட்டு இசையும் இதற்கு ஈடில்லை என்பது அவர் முடிவு. அயல்நாட்டிலிருந்து வந்தவர்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் இங்கே தங்கினாலும் ஒரு பண்ணைக்கூடப் பிழையறப் பாட முடியவில்லை என்று சிரிக்கிறார். இங்கே மான்கள்கூட இசையில் மயங்கி அசையாமல் நின்று வேடனிடம் அகப்படுகின்றன என்கிறார். அயல்நாட்டார் என்று அவர் சிரிப்பது யாரைப் பார்த்து? தம் தந்தையோடு குதிரையேறி வந்த கூட்டத்தைப் பார்த்துத்தானே! தந்தையின் குலப்பெயரைக் கடைசிவரை விடாதவர், காது விஷயத்தில் தாயின் பக்கம் போய் நின்றுவிட்டார்.

அதே பகுதியில் இந்தியாவின் மொழிகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறார். சிந்தி, லாகூரி, காஷ்மீரி, துவாரசமுத்திரி, திலங்கி, குஜராத்தி, வங்காளி, அவதி, தில்லி மொழி என்று வரும் அந்த வரிசையில் மஅபரி என்று ஒரு பெயர் இருக்கிறது. மஅபரி என்றால் மஅபர் நாட்டு மொழி. அதாவது தமிழ். அந்த இடத்தை நான் மூன்று முறை படித்தேன். நம் நகரங்கள் சூறையாடப்பட்டதைப் பாடிய அதே பேனா, நம் மொழியையும் தன் நாட்டு மொழிகளுள் ஒன்றாக எண்ணி எழுதியிருக்கிறது.

மனம் மாறி எழுதினார் என்று சொல்லி நான் உங்களை ஏமாற்றக் கூடாது. ஒன்பது வானங்களிலேயே தேவகிரி, வாரங்கல் படையெடுப்புகளின் புகழ்ச்சியும் இருக்கிறது. இந்தியாவை நேசித்ததும், இந்தியரை வென்ற வாளைப் பாடியதும் அவரிடம் ஒரே நேரத்தில் இருந்தன. அதை அவர் முரண்பாடாக உணர்ந்ததாகவும் தெரியவில்லை. எனக்கு அது இன்றும் செரிக்கவில்லை.

அரண்மனைக்கு வெளியே அவருக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. இசையில் அவர் பெயர் நிலைத்ததற்கு அதுவே காரணம் என்பேன். தில்லிக்கு அருகே கியாஸ்பூரில் வாழ்ந்த சூபி ஞானி நிஜாமுத்தீன் அவுலியா எந்தச் சுல்தானின் வாயிலையும் மிதியாதவர். அவருடைய மடத்தில் ஏழைகளுக்குச் சோறும், இறைவனை நினைந்து பாட்டும் உண்டு. அந்தப் பாட்டுக் கூட்டத்துக்கு சமா என்று பெயர். பகலில் அரசனைப் பாடிய குஸ்ரு இரவில் இங்கே வந்து அமர்வார். ஞானி அவரைக் கடவுளின் துருக்கியன் என்று செல்லமாக அழைத்தார். ஒருமுறை உறவுப் பிள்ளை இறந்த துயரில் ஞானி பேசாமல் இருந்தபோது, கடுகுப்பூவைச் சூடி மஞ்சள் உடுத்து வசந்த விழாவுக்குப் போகும் பெண்களைப் போலக் குஸ்ரு பாடி வந்து அவரைச் சிரிக்கச் செய்தார் என்பது மரபுச் செய்தி. ஆண்டுதோறும் வசந்த பஞ்சமியன்று அந்தத் தர்காவில் இன்றும் மஞ்சள் மலர் சூடிப் பாடுகிறார்கள். ஆண்மகன் பெண்ணாகி இறைவனை நோக்கிப் பாடுவது நமக்குப் புதிதா? நம்மாழ்வார் பராங்குச நாயகியாகப் பாடவில்லையா? மீசை நரைத்த அண்ணன் மணப்பெண் பாட்டைப் பாடியதன் மூலம் எனக்கு இங்கேதான் புரிந்தது.

கியாசுத்தீன் துக்ளக் காலத்தில் இசைக்கே ஒரு வழக்கு வந்தது. பாட்டுக் கேட்பது மார்க்கத்துக்கு ஒத்ததா என்று அறிஞர்கள் வாதிட, சுல்தான் முன்னிலையில் அவை கூடியது. நிஜாமுத்தீன் நேரில் வந்து தம் பக்கத்தைச் சொன்னார். சமாவைத் தடுக்கும் தீர்ப்பு பிறக்கவில்லை. குஸ்ரு இந்தச் சுல்தானின் கவிஞர், அந்த ஞானியின் மாணவர். அன்று அவர் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்! தீர்ப்பு வேறாக இருந்திருந்தால் கவ்வாலி என்ற சொல்லே நம் காதுக்கு வராமல் போயிருக்கக் கூடும்.

பிறகு சுல்தானோடு வங்காளப் படையெடுப்புக்குச் சென்றார் குஸ்ரு. அவர் திரும்பி வருமுன் 1325 ஏப்ரலில் ஞானி மறைந்தார். செய்தி கேட்டு வந்தவர் கையிலிருந்த பொருளையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கறுப்பு உடுத்துக் கல்லறையருகே கிடந்தார் என்பார்கள். ஆறே மாதத்தில், அக்டோபரில், அவரும் மறைந்தார். ஆசானின் காலடியை ஒட்டி அவரைப் புதைத்தார்கள். தில்லிக்குப் போகிறவர்கள் வியாழக்கிழமை மாலையில் அந்த இடத்துக்குப் போனால், தலைமுறை தலைமுறையாக அங்கே பாடிவரும் கவ்வால் குடும்பத்தார் ஆர்மோனியத்தையும் டோலக்கையும் வைத்துப் பாடுவதைக் கேட்கலாம். மக்கள் முதலில் குஸ்ருவின் கல்லறையில் வணங்கிவிட்டுத்தான் ஆசானின் கல்லறைக்குச் செல்வது வழக்கம்.

அரையாண்டு விடுமுறையில் தந்தையாருக்குச் சாப்பாடு கொண்டு செல்லும் சாக்கில் ஆலைக்குப் போனேன். அண்ணன் இருந்தார். படித்ததையெல்லாம் சொன்னேன், சித்தார் கதை பொய் என்பதை, முல்தானை, தாயை, பிறகு சற்றுத் தயங்கி மதுரையையும் சிதம்பரத்தையும். அவர் குஸ்ரு அப்படி எழுதியிருப்பார் என்று அறிந்திருக்கவில்லை. வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த வரிசையில் எங்கள் மொழிக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று மறுபடி கேட்டார். மஅபரி என்றேன். வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. கையுறையை மாட்டிக்கொண்டு உலைப்பக்கம் போனார்.